ரெண்டு எச்.பி.யும் ஒரு மயிலைப் பசுவும்

போன ஞாயித்துக்கிழமை மத்தியானம் சென்னையிலிருந்து ஒரு தம்பி கூப்பிட்டார். ஐ.டி. வேலை. மூலனூர்ப் பக்கம் அஞ்சு ஏக்கர் மானாவாரிக் காடு வாங்கியிருக்கிறார். நாலு காங்கேயம் மாடு கட்டி, சோளத்தட்டும் கொழுக்கட்டைப்புல்லும் போட்டு, மாட்டுக்குப் போக மிச்சத்தைக் காயவெச்சு விற்கலாம் என்று திட்டம். நல்ல திட்டம்தான். கேட்கவே சந்தோஷமா இருந்தது.

"அண்ணா, செகண்ட் ஹேண்ட்ல 52 எச்.பி. ஒண்ணு பார்த்திருக்கேன். ஃபோர் வீல். அஞ்சே முக்கால் லட்சம் சொல்றாங்க. பத்தாயிரம் அட்வான்ஸ் கொடுத்துட்டேன். நல்ல வண்டியாண்ணா?"

"வண்டி நல்ல வண்டிதான் தம்பி. உங்களுக்கு எதுக்கு அது?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் சொன்னார்: "ஃபியூச்சர்ல தேவைப்படும்லண்ணா?"

இந்த 'ஃபியூச்சர்ல தேவைப்படும்' என்ற ஒரு வார்த்தைக்கு நான் ரெண்டே முக்கால் லட்சமும் ஒரு மயிலைப் பசுவும் கொடுத்திருக்கிறேன். அதனால் இந்தப் பதிவு கொஞ்சம் சூடாகத்தான் இருக்கும். பொறுத்துக்கங்க.

முதலில் எங்க காட்டைப் பற்றி. எனக்கு மொத்தம் ஏழு ஏக்கர். நாலு ஏக்கரில் புரட்டாசி மழைக்குச் சோளம் விதைப்போம். தானியத்துக்கு இல்லை, தட்டுக்கு. நெருக்கமா விதைச்சு, பூ எடுத்ததும் அறுத்து, காட்டிலேயே காயப்போட்டு, கட்டு கட்டிப் போர் போட்டால் அடுத்த மழை வரைக்கும் மாட்டுக்குச் சோறு அதுதான். ரெண்டு ஏக்கர் கொறங்காடு. கிளுவை வேலி போட்டு, உள்ளே வெள்வேல மரமும் கொழுக்கட்டைப்புல்லும் இருக்கிற மேய்ச்சல் காடு. அதை வருஷா வருஷம் உழ மாட்டோம். மிச்சம் ஒரு ஏக்கர் கிணத்துத் தண்ணி பாயும். அதிலும் கொழுக்கட்டைப்புல் போட்டிருக்கிறேன், அறுத்துக் காயவெச்சு விற்க. டவுன்காரர்கள் 'ஹே ஃபார்ம்' என்று சொல்வார்களே, அதோட காங்கேயம் வடிவம் இதுதான்.

2016-ல் வடகிழக்குப் பருவமழை பொய்த்துப் போனது. 2017 ஜனவரியில் அரசாங்கமே மாநிலம் முழுக்க வறட்சி என்று அறிவித்தது. அந்தக் கோடையில் தீவனம் கிடைக்காமல் ஊர் பட்ட பாட்டைப் பார்த்தவன் நான். மாட்டை வந்த விலைக்கு ஓட்டிவிட்டார்கள். அப்போது முடிவு பண்ணினேன், இனி தட்டுக்கு யாரிடமும் கை ஏந்தக் கூடாது, சொந்த வண்டி வாங்கி எல்லாம் நேரத்துக்குப் பண்ண வேண்டும் என்று. அந்த முடிவு தப்பில்லை. வாங்கின வண்டிதான் தப்பு.

அந்த வருஷம் ஆவணியில் ஒரு 50 எச்.பி. வண்டி வாங்கினேன். விலை 5,60,000. சேர்த்து வெச்ச 1,10,000, வீட்டில் இருந்த நகையை அடகு வெச்சு ஒரு லட்சம், மிச்சம் மூணரை லட்சத்துக்கு ஃபைனான்ஸ். பழைய வண்டிக்கு வட்டி கூட. 18 சதம். ஆறு மாசத்துக்கு ஒரு தவணை, தவணைக்கு 78,000, மொத்தம் ஆறு தவணை. கையெழுத்துப் போட்ட அன்றைக்கு வண்டிக்கு மாலை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி, ஊரைச் சுத்தி வந்தேன். டீக்கடைப் பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்து பார்த்தார்கள். அந்தப் பார்வைக்கு எத்தனை ரூபாய் என்று அன்றைக்கு நான் கணக்குப் பார்க்கவில்லை.

முதல் செலவு அன்றைக்கு சாயங்காலமே வந்தது. கொறங்காட்டுக் கடவுக்குள் வண்டி நுழையவில்லை. எங்க தாத்தா நட்ட கிளுவை வேலியில் பத்தடியை வெட்டி வழி பண்ணினேன். அப்பா திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார், ஒண்ணும் பேசவில்லை.

ரெண்டு வருஷம் கழித்து மணிக் கணக்கைப் பார்த்தேன். சொந்தக் காட்டில் ஓடினது மொத்தம் 96 மணி நேரம். வருஷத்துக்கு 48. அன்றைக்கு ஊரில் வாடகை மணிக்கு 900 ரூபாய். 48 மணிக்கு 43,200 ரூபாய். நான் வருஷத்துக்குக் கட்டின தவணை 1,56,000. டீசல், ஆயில், டயர் எல்லாம் தனி.

மூணாவது தவணைக்குப் பணம் புரளவில்லை. பத்து நாள் தாண்டியதும் வசூல்காரர்கள் ரெண்டு பேர் பைக்கில் வந்தார்கள். மரியாதையாகத்தான் பேசினார்கள். ஆனால் வாசலில் வண்டிக்குப் பக்கத்தில் நின்று, நாலு பேர் போய்வர்ற நேரத்தில், சத்தமாகப் பேசினார்கள். அந்த வாரமே கன்றோடு இருந்த ஒரு மயிலைப் பசுவை விற்றேன். எங்க வீட்டிலேயே பிறந்து வளர்ந்த மாடு. வியாபாரி வண்டியில் ஏற மறுத்து அது திரும்பித் திரும்பி வீட்டைப் பார்த்தது.

வீட்டுக்காரி அன்றைக்குக் கேட்டது ஒரே கேள்வி. "ஏனுங்க, போர் நிறையத் தட்டு இருக்குது. திங்கறதுக்கு மாடு?"

தட்டு விளைவிக்க வாங்கின டிராக்டருக்காக, தட்டு தின்கிற மாட்டை விற்றவன் நான். அதுக்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல ஒண்ணுமில்லை.

நாலாவது தவணை கட்டினதும் வண்டியை 3,90,000-க்குக் கொடுத்தேன். பாக்கிக் கடன் 1,37,000 அடைச்சது போகக் கையில் 2,53,000. கூட்டிக் கழிச்சுப் பாருங்க. கையில் போட்டது 2,10,000, தவணை 3,12,000, பாக்கி அடைச்சது 1,37,000. ஆக 6,59,000 போனது, 3,90,000 வந்தது. 2,69,000 நட்டம். நடுவில் பின் டயர் ரெண்டுக்கு 38,000. வாடகைக்கு ஓட்டிக் கையில் நின்றது 41,000. அந்த ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு சரியாப் போச்சு.

பணத்தை விடுங்க. மண்ணுக்கு என்ன ஆச்சு என்று சொல்கிறேன், ஏனென்றால் இதை எந்த புரோக்கரும் சொல்ல மாட்டார்.

50 எச்.பி. வண்டி சாதாரணமாக 2000 கிலோவுக்கு மேல் இருக்கும். 24 எச்.பி. குட்டி வண்டிகளில் 650 கிலோவுக்குப் பக்கத்திலேயே வருபவை இருக்கின்றன. ஒரு மார்கழியில் தூறலோடு தட்டு ஏத்தினேன், ஈர மண்ணில். டிரெய்லரும் சேர்ந்து அழுத்தினது. அடுத்த வருஷம் அந்தச் சக்கரத் தடத்தில் மட்டும் சோளம் முழங்கால் உயரம், பக்கத்தில் இடுப்புக்கு மேல். காடு முழுக்கக் கோடு போட்ட நோட்டு மாதிரி இருந்தது. மழை பெய்தால் தடத்தில் தண்ணி நிற்கும், கீழே இறங்காது. டயரை அகலமாகப் போட்டால் மேல்மண்ணுக்குக் கொஞ்சம் நல்லது. ஆனால் அடிமண் இறுகுவது அச்சில் எத்தனை எடை இறங்குகிறது என்பதைப் பொறுத்தது. ஒன்பது கலப்பை அரையடி கிளறினால் அதுக்குக் கீழே இருக்கிற இறுக்கம் போகாது. அதை உடைக்க உளிக்கலப்பை வேண்டும். உளிக்கலப்பை இழுக்கப் பெரிய டிராக்டர் வேண்டும்! பெரிய வண்டி பண்ணின கெடுதலைச் சரி பண்ண இன்னொரு பெரிய வண்டி. இதைவிட நல்ல வியாபாரம் உலகத்தில் உண்டா?

நம்ம ஊரில் எதுக்கு எல்லாரும் 50-க்கு ஆசைப்படுகிறார்கள்? இந்தியாவிலேயே அதிகமாக விற்பது 41-லிருந்து 50 எச்.பி. வரைக்கும் உள்ள வண்டிகள்தான். ஆனால் நிலம்? 2015-16 வேளாண் கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டில் ஒரு விவசாயியின் சராசரி நிலம் 0.75 ஹெக்டேர். ரெண்டு ஏக்கர்கூட இல்லை. ரெண்டு ஏக்கர்க்காரன் தலையில் 50 எச்.பி.யைக் கட்டுவதில் புரோக்கருக்குக் கமிஷன் கூட, கடன் கொடுப்பவருக்கு வட்டி கூட. நமக்கு டீக்கடையில் மரியாதை கூட. மூணு பேரும் சந்தோஷம். நிலத்தையும் மாட்டையும் யாரும் கேட்பதில்லை.

எங்க தாத்தா காலத்தில் இந்தப் பைத்தியம் இல்லை. கவலை இறைக்கிற எருது வேறே, ஏர் ஓட்டுகிற எருது வேறே, பாரம் இழுக்கிறது வேறே. கவலைக்குக் கட்டற கனத்த சோடியை வாங்கி வெச்சு, ரெண்டு ஏக்கர் புழுதி உழவுக்குத் தீனி போட்டுக்கிட்டு இருந்தால் ஊர் சிரிக்கும். வேலையைப் பார்த்துத்தான் எருது பிடித்தார்கள். எருது டிராக்டரானதும் அந்தக் கணக்கை மட்டும் எப்படி மறந்தோம்?

சரி, எதிர்வாதத்துக்கு வருவோம். எனக்கு நானே சொல்லிக்கொண்ட வாதங்கள்தான் இவை, அதனால் நன்றாகவே தெரியும்.

முதல் வாதம்: "நம்ம வேலை போக வாடகைக்கு ஓட்டிக்கலாம்." நம்ம காட்டில் ஈரம் இருக்கிற அன்றைக்குத்தான் ஊர்க் காடு எல்லாத்திலும் ஈரம் இருக்கும். அன்றைக்கு ஓட்ட நமக்கே நேரம் பத்தாது. ஈரம் காஞ்ச பின்னாடி யாரும் கூப்பிட மாட்டார்கள். அப்படியே ஓட்டினாலும் பாதிப் பேர் பங்காளி, மாமன், மச்சான். "தை மாசம் தர்றேன் மாப்ள" என்பார்கள். எந்தத் தை என்று கேட்க முடியாது. வாடகை ஓட்டுவது ஒரு தனித் தொழில். அதுக்கு டிரைவர் வேண்டும், நாலஞ்சு கலப்பைச் சாமான் வேண்டும், வசூல் பண்ணத் தெம்பு வேண்டும். அதைத் தொழிலாகவே பண்ணுகிறவர்களுக்கு 50 எச்.பி. சரி. வாங்கிய கடனை நியாயப்படுத்த ஓட்டுகிறவனுக்குச் சரிவராது.

ரெண்டாவது வாதம்: "பெரிய வண்டி சின்ன வேலையும் செய்யும், சின்ன வண்டி பெரிய வேலை செய்யாது." கேட்க நியாயமாத்தான் இருக்கும். டீசல் விஷயத்தில் ஓரளவு உண்மையும்கூட. ஒன்பது கலப்பையை முழுச் சுமையோட இழுத்தால், மணிக்கு டீசல் கூடக் குடித்தாலும் சீக்கிரம் முடிச்சுவிடும். ஏக்கர்க் கணக்குப் போட்டால் சின்ன வண்டிக்கும் பெரிய வண்டிக்கும் பெரிய வித்தியாசம் வராது. ஆனால் ஒரு ஏக்கர் புல்லுக் காட்டில், நாலு பக்கமும் வேலி, நடுவில் வேலமரம் இருக்கிற இடத்தில், அது முழுச் சுமையில் ஓடுவதே இல்லை. திரும்பவே பாதி நேரம். வேலியோரம் ரெண்டு பாகம் அகலத்துக்கு உழாமல் நிற்கும். அதை அப்புறம் மண்வெட்டியில் கொத்த வேண்டும். தண்ணி டேங்க் இழுக்க, நாலு கட்டுத் தட்டு ஏத்திவர, எல்லாத்துக்கும் அந்த ரெண்டு டன் இரும்பையும் சேர்த்தே இழுக்கிறோம்.

மூணாவது வாதம்: "பெரிய வண்டிக்குத்தான் ரீசேல்." சீக்கிரம் விற்கும், ஒத்துக்கிறேன். எனக்கும் பத்து நாளில் விற்றது. நட்டத்தில் சீக்கிரமாக விற்பதில் என்ன பெருமை?

அப்படியானால் டிராக்டரே வேண்டாமா, வாடகையே போதுமா என்று கேட்பீர்கள். மணிக் கணக்கு மட்டும் பார்த்தால் வாடகைதான் லாபம். அரசாங்க வேளாண் பொறியியல் துறையிலேயே வாடகைக்கு டிராக்டர் இருக்கிறது, உழவன் செயலியில் பதிவு பண்ணலாம். நெல்லோ பருத்தியோ ரெண்டு ஏக்கர் பண்ணுகிறவர்கள் தாராளமாக அப்படியே இருக்கலாம்.

தட்டும் புல்லும் பண்ணுகிறவனுக்கு மட்டும் ஒரு சிக்கல். இது அறுப்போட முடிகிற வேலை இல்லை, காயவெச்சு எடுக்கிற வேலை. ஈரம் 15 சதத்துக்குக் கீழே வந்தால்தான் போர் போடலாம். ஈரத்தோட அடுக்கினால் உள்ளே சூடேறும், பூஞ்சணம் பிடிக்கும், சில நேரம் தானாகவே தீயும் பிடிக்கும். காட்டில் காய்ந்து கிடக்கிற தட்டு மேல் ஒரு மழை விழுந்தால் கறுத்துப் போகும், மாடு மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கும். மார்கழிக் கடைசியில் கிழக்கே மேகம் இருட்டிக்கிட்டு வரும்போது கையில் இருப்பது மூணு மணி நேரம். வாடகை வண்டிக்காரர் "நாளைக்கு வர்றேனுங்க" என்பார். மேகம் நாளைக்கு வரைக்கும் நிற்காது. அந்த மூணு மணி நேரத்துக்காகத்தான் சொந்த வண்டி. வேறெதுக்கும் இல்லை.

ஆக, புல் பண்ணுகிறவனுக்கு வண்டி வேண்டும். அது வாசலில் நிற்க வேண்டும். கடன் இல்லாமல் நிற்க வேண்டும். இந்த மூணையும் ஒண்ணா வெச்சுப் பார்த்தால் அளவு தானாகவே வந்துவிடும்.

எப்படித் தேர்ந்தெடுப்பது? டிராக்டரிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். ஒரு தாளில் வேலைகளை எழுதுங்கள். எதிரில் அந்த வேலைக்கு என்ன சாமான், வருஷத்தில் எத்தனை நாள் என்று எழுதுங்கள். எனக்கு வந்த கணக்கு இது.

உழவு: அஞ்சு கலப்பை. 25 எச்.பி. போதும். ஏக்கருக்கு ஒன்றரை மணி நேரம் ஆகும், ஆகட்டும். நாலு ஏக்கர் எத்தனை நாள் வேலை? ஒரு நாள்.

ரொட்டவேட்டர்: நாலடி என்றால் 25-30 எச்.பி. அஞ்சடி என்றால் 35-க்கு மேல் போகணும். நமக்கு நாலடி போதும்.

தட்டு நறுக்க: டிராக்டரே வேண்டாம். ரெண்டு மூணு எச்.பி. கரண்ட் மோட்டாரில் நறுக்கும் மெஷின் ஓடும். ஆயிரம் கிலோ வண்டியை முடுக்கி வெச்சு ரெண்டு கட்டுத் தட்டு நறுக்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். வேண்டாம்.

கட்டு ஏத்திவர: இங்கே சின்ன வண்டியை நான் தூக்கிப் பேச மாட்டேன். பாரத்தோட இறக்கத்தில் வந்தால் டிரெய்லர் பின்னாலிருந்து வண்டியைத் தள்ளும். 650 கிலோ வண்டிக்குப் பின்னால் மூணு டன் கட்டினால் உயிருக்கு ஆபத்து. சின்ன டிரெய்லர், பாதிப் பாரம், ரெண்டு நடை கூட. தட்டு இடத்தைத்தான் அடைக்கும், எடை அவ்வளவு இருக்காது என்பதால் சமாளிக்கலாம்.

கட்டு கட்டும் மெஷின்: இதுதான் எல்லாரையும் ஏமாத்துவது. சின்ன உருளைக் கட்டு மெஷினுக்கே 35 எச்.பி.யாவது வேண்டும். சதுரக் கட்டு என்றால் 45, 50 கேட்கும். அதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. என்ஜின் எச்.பி. வேறே, பின்னால் பி.டி.ஓ.வுக்கு வந்து சேர்கிற எச்.பி. வேறே. சுமார் 85-லிருந்து 90 சதம்தான் வந்து சேரும். பத்து வருஷம் ஓடித் தேய்ந்த பழைய வண்டியில் அதுவும் குறையும். அதனால் 'எனக்கு பேலர் ஓட்டணும்' என்கிறவர்கள் பழைய 35-ஐ நம்பக் கூடாது. மேசி 241 மாதிரி 42, மஹிந்திரா 575 மாதிரி 45 எச்.பி. வண்டிதான் பார்க்கணும். ஆனால் கேளுங்க: என் ஒரு ஏக்கர் புல்லுக்கு அந்த மெஷின் ஒரு அறுப்புக்கு அரை நாள் வேலை. தடித்த சோளத்தட்டுக்கு அது சரிவராது, ஆள் வெச்சுத்தான் கட்டுகிறோம். வருஷத்தில் ரெண்டு மூணு நாள் வேலைக்காக மிச்சம் 362 நாளும் பெரிய வண்டிக்குத் தவணை கட்டணுமா? தாராபுரம் பக்கம் அமராவதிப் பாசனத்தில் நெல் அறுப்புக்கு வருகிற பேலர்க்காரரைக் கூப்பிட்டால் கட்டுக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு போய்விடுகிறார். அவர் வராத அன்றைக்குக் கையாலே கட்டிப் போர் போட்டால் புல் ஒண்ணும் கோபித்துக்கொள்ளாது.

இப்படி எழுதிப் பார்த்தபோது எனக்கு வந்தது 27 எச்.பி. ஃபோர் வீல். 2012 மாடல். கையில் மிஞ்சின பணத்தில் 2,40,000 கொடுத்து 2019 புரட்டாசியில் வாங்கினேன். நகையை மீட்க இன்னும் ஒரு வருஷம் ஆனது. ஆனால் தவணை என்கிற வார்த்தை அதுக்கப்புறம் எங்க வீட்டில் இல்லை.

எல்லாருக்கும் 27 என்று நான் சொல்லவில்லை. கரிசல் காடாக இருந்தால் அஞ்சு கலப்பைக்கே 35 வேண்டியிருக்கும். பாரம் நிறைய ஏத்தணும், பத்துப் பன்னெண்டு ஏக்கர் இருக்கு என்றால் மேசி 1035 மாதிரி 36 எச்.பி. பழைய வண்டி நல்லது. அது 1700 கிலோ வரும், ஸ்பேர் எந்த ஊர்க் கடையிலும் கிடைக்கும், எந்த மரத்தடி மெக்கானிக்கும் பிரிச்சுப் போடுவார். இருபது ஏக்கர் இருக்கு, சொந்தமாக பேலர் வைக்கிறேன் என்றால் 45, 50 தாராளமாகப் போங்க. அஞ்சு ஏக்கர்க்காரர் அதே கணக்கை எடுத்துக்கக் கூடாது, அவ்வளவுதான்.

அளவு முடிவானதும் வண்டி பார்க்கப் போகலாம். சொல்லிக்கொள்ளாமல் போங்க. போனதும் என்ஜினைத் தொட்டுப் பாருங்க. ஏற்கெனவே சூடாக இருந்தால், குளிரில் ஸ்டார்ட் ஆகாத வண்டியை உங்களுக்காக ஓட்டிச் சூடாக்கி வெச்சிருக்கிறார்கள் என்று அர்த்தம். ஓடும்போது ஆயில் ஊத்துகிற மூடியைத் திறந்தால் புகை குபுகுபு என்று வரக் கூடாது. வந்தால் கம்ப்ரஷன் போச்சு. சைலன்சரில் நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. கலப்பையைத் தூக்கி வெச்சு, என்ஜினை நிறுத்தி, ஒரு டீ குடித்துவிட்டு வாருங்க. கலப்பை தரையில் படுத்திருந்தால் ஹைட்ராலிக் செலவு இருக்கு. மணி மீட்டரை நம்பாதீங்க, பெடல் ரப்பரையும் பின்னால் கொக்கி மாட்டுகிற துளையையும் பாருங்க. துளை முட்டை வடிவத்தில் தேய்ந்திருந்தால் மீட்டர் பொய் சொல்கிறது. சேத்துழவில் ஓடின வண்டியா என்று விசாரிங்க. சேறு அச்சு சீலுக்குள்ள புகுந்து தின்னுவிடும். விற்கிறவரோட மெக்கானிக்கை நம்பாமல் உங்க ஊர் மெக்கானிக்கைக் கூட்டிப் போங்க. அவருக்குக் கொடுக்கிற ஐநூறு ரூபாய்தான் அந்தப் பயணத்திலேயே லாபமான செலவு.

கடைசியாக இன்னொரு எச்.பி. டவுன்காரர்களுக்குத் தெரியாத எச்.பி. இதுதான். எங்க ஊரில் 'வண்டியில எச்.பி. இருக்கா?' என்று கேட்டால் குதிரைசக்தியைக் கேட்கவில்லை. ஆர்.சி. புக்கில் ஃபைனான்ஸ்காரர் பேர் இருக்கா என்று கேட்கிறோம். கடன் முடிஞ்சாலும் அந்தப் பேரை நீக்க ஃபார்ம் 35 வேண்டும். பேர் மாத்த 29, 30. என் பங்காளி ஒருத்தர் 35 இல்லாமலே, "அடுத்த வாரம் தர்றேன்" என்ற வாய்வார்த்தையை நம்பி முழுப் பணத்தையும் கொடுத்தார். எட்டு மாசம் கழித்து, சந்தைக்குப் போகிற வழியில் வண்டியை நிறுத்திச் சாவியைப் பிடுங்கிக்கொண்டார்கள். பழைய முதலாளி தவணை கட்டவில்லை. தட்டுக் கட்டோட ரோட்டில் நின்றார் மனுஷன். எம்-பரிவாகன் செயலியில் வண்டி நம்பரைப் போட்டால் ரெண்டு நிமிஷத்தில் தெரிந்திருக்கும். சேஸிஸ் நம்பரையும் புக்கையும் ஒத்துப் பார்க்காமல் அட்வான்ஸ்கூடக் கொடுக்காதீங்க.

என்னைக் கேட்டால் ரெண்டு எச்.பி.யும் ஒண்ணுதான். முதல் எச்.பி. கூடக் கூட ரெண்டாவது எச்.பி. தானாக வந்து புக்கில் உட்கார்ந்துக்கும்.

பட்டணத்தில் இருந்து நிலத்துக்கு வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்களுக்கு மாசச் சம்பளம் இருக்கிறது, ரெண்டு லட்சம் நட்டம் வந்தாலும் தாங்குவீங்க. ஆனால் நீங்க 52 எச்.பி.யில் வந்து இறங்குவதைப் பக்கத்துக் காட்டுக்காரர் பார்த்துக்கொண்டே இருக்கிறார். 'படிச்சவரே அதைத்தான் வாங்கியிருக்கார்' என்று அவர் அடுத்த மாசம் நகையை அடகு வைப்பார். ரெண்டு வருஷத்தில் உங்களுக்கு அலுத்துப்போய் விற்கிற வண்டியும் இங்கே எவனோ ஒரு மூணு ஏக்கர்க்காரன் தலையில்தான் வந்து விழும், ஃபைனான்ஸோட. நான் வண்டி விற்கப் போன யார்டில் வரிசையாக நின்ற சீஸ் பண்ணின டிராக்டர்களில் ஒன்றின் முன்பக்கத்தில் இன்னும் காய்ந்த மாலை தொங்கிக்கொண்டிருந்தது. எலுமிச்சம்பழக் கறைகூடப் போகவில்லை.

நேற்று சாயங்காலம் அந்தத் தம்பி மறுபடி கூப்பிட்டார். அட்வான்ஸ் பத்தாயிரத்தைத் திருப்பித் தர மாட்டேன் என்கிறார்களாம். "என்னண்ணா பண்றது?" என்றார். "விட்டுருங்க தம்பி, நான் கொடுத்த ஃபீஸுக்கு அது ரொம்பக் கம்மி" என்றேன். சிரித்தார். வருகிற சனிக்கிழமை பஸ் ஏறி வருகிறார். தாளும் பேனாவும் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். முதலில் காட்டைச் சுத்திப் பார்த்து வேலையை எழுதுவோம். வண்டி பார்ப்பது அப்புறம்.

வெட்டின பத்தடி வேலியில் கிளுவைப் போத்து நட்டிருக்கிறேன். ஆறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. மத்த வேலி அளவுக்கு இன்னும் அடையவில்லை.